இருமல் பொத்தான்

தைரியநாதன் மைக் முன்னால் உட்கார்ந்தால்
என் வேலை மூன்று.
மணி பார்ப்பது.
தே ஓ கொசோங் ஆறாமல் பார்ப்பது.
அவர் இடது கை விரலைத் தூக்கினால்
சிவப்புப் பொத்தானை அழுத்துவது.
அழுத்தியிருக்கும் நேரத்தில் இருமிக்கொள்வார்.
நாட்டுக்குக் கேட்காது.
எனக்குக் கேட்கும்.

பதினாறு பருவங்கள்.
காலாங் நாரைகள் ஜெயித்தது கொஞ்சம்.
"தோக்கிற டீமுக்குத்தான் ஹபீபா, வார்த்தை நிறைய வேணும்.
ஜெயிக்கிறவனுக்குப் பலகையே பேசிடும்."
நோன்பு மாதத்தில்
மூச்சு விடாமல் ஆட்டம் சொல்லிக்கொண்டே
ஸ்கோர் தாளோடு சேர்த்து
ஒரு பேரீச்சம்பழத்தை என் பக்கம் நகர்த்துவார்,
சரியான நிமிடத்தில்.

எம்பிப் போய்ப் பந்தைக் கூடைக்குள் அறைவதற்கு
நிலையத்தில் ஒரு சொல் எழுதிக் கொடுத்தார்கள்.
நல்ல தமிழ், நீளம் அதிகம்.
சொல்லி முடிப்பதற்குள்
ஆட்டம் மறு முனைக்குப் போயிருக்கும்.
தாளை மடித்துக் குவளைக்கு அடியில் வைத்தார்.
"குடத்துல!" என்றார்.
அன்றிலிருந்து அது குடத்துலதான்.

யார் கேட்டார்கள், தெரியாது.
கணக்கெடுப்பில் எங்களுக்கு நேரே எழுதியிருந்தது:
அளவிட இயலாதது.
அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.
பாசிர் பாஞ்சாங்கில் பாரந்தூக்கியின் உச்சியிலிருந்து
ஒருவர் கூப்பிடுவார், இடைவேளையில் மட்டும்.
துவாஸ் தங்கும் விடுதியிலிருந்து
ஒரே போனில் ஏழெட்டுப் பேர் சண்டை போடுவார்கள்,
அது ஃபவுலா இல்லையா என்று.

கூரை ஒழுகிய இரவைச் சொல்ல வேண்டும்.
வெளியே டிசம்பர் மழை.
வலது கூடைக்கு நேர் கீழே ஒரு சொட்டு,
அப்புறம் எண்ண முடியவில்லை.
நடுவர் விசிலடித்தார்.
பாட்டுப் போடவா, நிலையத்தில் கேட்டார்கள்.
வேண்டாம் என்று தலையாட்டினார்.

"இதோ வருகிறார் கோ!
கையில் மாப், முதுகில் எண் இல்லை,
இடமிருந்து வலம்,
டெரலின் நீட்டிய காலைத் தாண்டுகிறார்,
தாண்டிவிட்டார்!
அடடா, துடைத்த இடத்தில் இன்னொரு சொட்டு,
திரும்புகிறார், விடுவதாக இல்லை,
பிழிகிறார் நேயர்களே, எட்ட நின்றே பிழிகிறார்,
வாளி... வாளிக்குள்... குடத்துல!"

பதினோரு நிமிடம்.
சிரித்த சிரிப்பில் நான் பொத்தானை மறந்தேன்.
அன்று மட்டும் ஓர் இருமல் காற்றில் போனது.

இப்போது அஞ்சலிக்கு
இரண்டு நிமிடத் துண்டு கேட்கிறார்கள்.
காப்பகத்தில் தேடினேன்.
எல்லாம் சுத்தமான குரல்.
சுத்தம் செய்தவள் நான்தான்.
ஒழுகிய இரவை யாரோ அழித்து
அதன் மேல் சமையல் குறிப்பு பதிந்திருக்கிறார்கள்.

நேற்று பிடோக்கில், அவர் புளோக்கின் கீழ்த்தளத்தில்,
மெழுகுவத்திகள், கச்சான் பொட்டலங்கள்.
பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து
பக்கத்தில் வந்து உட்கார்ந்தார் கோ.
எண்பது இருக்கும்.
"அன்றைக்கு மேசையில் எல்லாரும்
என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள்.
அந்த ஆள் என்னதான் சொன்னான்?"
பன்னிரண்டு வருடமாக வைத்திருந்த கேள்வி.

சொன்னேன்,
கொஞ்சம் ஆங்கிலம், கொஞ்சம் மலாய்,
கை ஜாடை மீதி.
டெரலின் காலுக்கு வந்தபோது
"ஆமாம், நீளக் கால்" என்றார்.
வாளிக்கு வந்தபோது அந்த ஒரு சொல்
எந்த மொழிக்கும் வரவில்லை.
அப்படியே சொன்னேன்.
"குடாத்துலா," சொல்லிப் பார்த்தார் கோ.
"எத்தனை புள்ளி அதற்கு?"
இரண்டு, என்றேன்.
"எட்ட நின்றல்லவா பிழிந்தேன்?"
மூன்று, என்று திருத்தினேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டே
கச்சான் உடைத்தார்.
எனக்குத் தொண்டையில் என்னவோ சிக்கியது.
இடது கை விரல் தானாக எழும்பி நின்றது.
அழுத்த ஆளில்லை.
கீழ்த்தளம் முழுக்கக் கேட்கும்படி
இருமினேன்.